காரின் பின்பெட்டியில் இருநூறு தட்டுகள்

பயப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கடுகளவு சில்லைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, இதில் எது கெட்டுப்போகும், எப்போது கெட்டுப்போகும், கெட்டுப்போனால் யார் தலையில் விடியும் என்று யோசிப்பதுதான் என் வேலை. மற்றவர்கள் வேலையைத் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவார்கள். நான் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வருவேன். அதற்கு மட்டும் ஓவர்டைம் கிடையாது.

என் மனைவி அதே வட்டாரத்தில் வேறொரு தொழிற்சாலையில் லைன் லீடர். நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் எங்கே தேங்குகிறது, யாரை எங்கே மாற்றி உட்கார வைத்தால் மறுபடி ஓடும் என்று பார்ப்பது அவள் வேலை. தேங்கும், தேங்கும் என்று சொல்கிறவன் நான். ஓட வைக்கிறவள் அவள். வீட்டிலும் இதே ஏற்பாடுதான்.

நான் சொல்லப்போவது அவளுடைய பெருமையை. நான் வருகிற இடமெல்லாம் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம், வருத்தப்பட மாட்டேன்.

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் எங்கள் வீடு. ஒருமுறை லிப்ட் கெட்டுப்போய் ஒரு வாரம் கிடந்தது. குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மாடி இறங்க வேண்டும். முதல் நாள் நான் இறங்கினேன். இரண்டாம் நாள் எனக்கு முட்டி வலித்தது. மூன்றாம் நாள் அவள் இறங்கப் போனாள். ஆறாம் மாடிப் படியில் உட்கார்ந்து, பையை அவிழ்த்து, உள்ளே அப்படி என்னதான் கனக்கிறது என்று பார்த்திருக்கிறாள். அப்படியே திரும்பி மேலே வந்துவிட்டாள்.

"பாதிக்கு மேல சாப்பாட்டு மிச்சம். மீதி அந்தச் சாப்பாட்டைக் கட்டிக்கிட்டு வந்த பிளாஸ்டிக்கு. இதுக்கா நான் ஒம்பது மாடி எறங்கணும்?" என்றாள்.

லிப்ட் சரியாகிவிட்டது. அவள் சரியாகவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் அன்றிலிருந்து வீட்டு வாசல் முன் நடைபாதையில் இருக்கும் கறிவேப்பிலைக்கும் பண்டான் செடிக்கும் போகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் கடைசி அலசல் தண்ணீர் வாளியில் விழுகிறது. அதில்தான் வாசல் கழுவல். பொரித்த எண்ணெய் பழைய புட்டியில் சேர்கிறது. நிறைந்ததும் மறுபயன்பாட்டுக்கு வாங்குகிறவரிடம் போகிறது. மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் ஒன்று, காரில் ஒன்று, என் அலுவலகப் பையில் மடித்து ஒன்று என்று எங்கும் துணிப்பை. அறையை விட்டு நான் வெளியே வந்தால் என் பின்னாலேயே மின்விசிறி நின்றுவிடும். ஒருநாள் அறைக்கு உள்ளே நான் இருக்கும்போதே நின்றது. அது தவறுதலாக நடந்தது என்றுதான் இன்றுவரை சொல்கிறாள்.

நான் கிண்டல் செய்தேன்தான். ஆனால் கிண்டல் செய்கிறவனைத்தான் வீட்டில் முதலில் வேலைக்கு அனுப்புவார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்றடுக்கு டிபன் கேரியரைக் கையில் கொடுத்து நாசி கண்டார் சோறு வாங்கிவரச் சொன்னாள். பினாங்கில் நாசி கண்டார் வரிசை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் பத்துப் பேர், பின்னால் பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் பசி. என் முறை வந்ததும் பாத்திரத்தை நீட்டினேன். பரிமாறுகிறவர் கை மின்னல். பிளாஸ்டிக் தாள் போட்ட காகிதத்தில் சோற்றைக் கட்டினார். குழம்பைத் தனிப் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டார். மீனைத் தனியாகக் கட்டினார். மூன்றையும் என் டிபன் கேரியருக்குள் அழகாக அடுக்கி, மூடியைப் போட்டு, கொக்கியையும் மாட்டிக் கொடுத்தார்.

"டைட்டா இருக்குண்ணே, சிந்தாது," என்றார்.

வாயைத் திறந்து "பிளாஸ்டிக் வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய ஆள் நான். பின்னால் பன்னிரண்டு பேரின் பசி என் பிடரியில் மூச்சு விட்டது. "நன்றிண்ணே," என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுக்குமாடியின் கீழ்ப்படிக்கட்டில் உட்கார்ந்து, பைகளை அவிழ்த்து, சோற்றையும் குழம்பையும் அந்தந்த அடுக்கில் கொட்டி, காலிப் பிளாஸ்டிக்கை உருட்டிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு மேலே போனேன். சாப்பாட்டின்போது அவள் என்னைப் பாராட்டினாள். மறுநாள் துணி துவைக்கும்போது கால்சட்டைப் பையில் கையை விட்டாள்.

"சட்டிக்குள்ள பிளாஸ்டிக்கு, பிளாஸ்டிக்குக்குள்ள சோறு. அதுக்கு ஒரு மூடிய வேற போட்டு ஊர்வலமா தூக்கிட்டு வந்தீங்களா?"

அடுத்த வாரம் அவளே கூட வந்தாள். ஒரு வார்த்தை பேசுமுன் மூன்று அடுக்கையும் பிரித்து, வாய் திறந்தபடி மேடையில் வரிசையாக வைத்தாள். அப்புறம்தான் என்ன வேண்டும் என்று சொன்னாள். அதே மனிதர், அதே மின்னல் கை, சோறு நேராகப் பாத்திரத்தில் விழுந்தது. "மொதல்ல சட்டி, அப்புறம்தான் வாயி," என்றாள் வரும் வழியில். இவ்வளவுதான் விஷயம். இருபத்திரண்டு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் அடுக்குமாடித் தமிழர்கள் சேர்ந்து வருடா வருடம் பொங்கல் வைப்போம். தைப் பிறப்பு வேலை நாளில் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்த்தளத்துத் திறந்த கூடத்தில். சீன, மலாய்க் குடும்பங்களும் வருவார்கள். எப்படியும் முந்நூறு பேர் கைநனைப்பார்கள். விழா முடிந்த பிற்பகலில் கூடத்தைப் பார்த்தால் பொங்கி வழிந்தது பானையா குப்பைத் தொட்டியா என்று தெரியாது. பிளாஸ்டிக் தட்டும் கோப்பையும் அடைத்த கறுப்புப் பைகள் தூணோரம் சாய்ந்து நிற்கும். காக்கைகள் அவற்றைக் கிழித்துத் தனிப் பொங்கல் வைக்கும்.

என் மனைவி மூன்று வருடம் பொங்கல் குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்லிப் பார்த்தாள். அவரவர் வீட்டில் சில்வர் தட்டு சும்மாத்தானே கிடக்கிறது, சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று. ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருஷம் பாப்போம்லா" என்று முடித்துவிடுவார்கள். நான்காம் வருடம் அவள் உட்காரவில்லை.

எங்கள் குழுத் தலைவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், விருந்தாளி முகம் கோணினால் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

"தங்கச்சி, ஆசை நல்ல ஆசைதான்," என்றார். "ஆனா தட்டு பத்தாமப் போச்சுன்னா, வந்தவன் கையில வாங்கியா சாப்பிடுவான்? நம்ம மானம் போயிரும்."

"ஒருவாட்டி உட்டுப் பாருங்கண்ணே. தட்டு பத்தாம ஒரு ஆள் நின்னாக்கூட, அடுத்த வருஷத்துலேர்ந்து நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். நீங்க எதுல போட்டாலும் வாயத் தெறக்காம சாப்பிட்டுட்டுப் போறேன்."

தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, இந்தத் தடவ உன் இஷ்டம்," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை. நான்கு வருடமாகக் கேட்டுக் கிடைத்த ஒரே வாய்ப்பு. அது தவறினால் அவள் வாயை அவளே பூட்டிக்கொள்வாள். அவள் வாய் பூட்டிய வீட்டில் நான் எப்படி வாழ்வேன் என்று அப்போதே உடம்பு வேர்த்தது.

தட்டுச் சேகரிக்கும் பொறுப்பு எனக்கு. மாடி மாடியாகக் கதவைத் தட்டினேன். இருபத்து மூன்று வீடுகளில் நூற்று நாற்பது தட்டு கிடைத்தது. யார் தட்டு எது என்று தெரிய வேண்டுமே, மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து ஒவ்வொரு தட்டின் அடியிலும் புள்ளி வைத்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி, இன்னொரு வீட்டுக்கு இரண்டு, அப்படியே இருபத்து மூன்று வரை. கடைசி வீட்டுத் தட்டுகளுக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. நான்காம் மாடி அக்கா தன் கல்யாணச் சீரில் வந்த பன்னிரண்டு தட்டுகளைக் கொடுத்தார். அடியில் அவர் பெயரே வெட்டியிருந்தது.

"பன்னெண்டு தம்பி. எண்ணிக்கோ. ஒண்ணு கொறஞ்சாலும் உன் வீட்டு வாசல்ல பாய் போட்டு உக்காந்துருவேன்."

"அக்கா, சாப்பாடு நாங்க போட்டுருவோம்."

"எதுல போடுவ? அதான் தட்டு இல்லியே."

நூற்று நாற்பது தட்டு, முந்நூறு பேர். கணக்கு எளிது: ஒவ்வொரு தட்டும் இரண்டு, மூன்று முறை சாப்பிட்டு, கழுவி, திரும்ப வர வேண்டும். அதற்காக என் மனைவி கார் கழுவும் இடத்துக் குழாயோரம் மூன்று பெரிய தொட்டிகள் வைக்க ஏற்பாடு செய்தாள். ஒன்றில் மிச்சம் தட்டுவது, ஒன்றில் சோப்பு, ஒன்றில் அலசல். சாப்பிட்டவர் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். வெள்ளைத் தாளில் படம் வரைந்து காட்டினாள். அம்புக்குறியெல்லாம் சுற்றிச் சுற்றி அழகாக ஓடியது.

நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அம்புக்குறி நிற்கக்கூடிய இடங்களைப் பார்த்தேன். பதினான்கு இடம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேராக ஒரு விருந்துச் சாமான் கடைக்குப் போய், ஐம்பது ஐம்பதாகக் கட்டிய பிளாஸ்டிக் தட்டில் நான்கு கட்டு எடுத்தேன். இருநூறு. கல்லாவில் இருந்த சீனப் பெண் "பை வேணுமா அங்கிள்?" என்று மலாயில் கேட்டாள். பழக்க தோஷம், என் கை தானாக அலுவலகப் பைக்குள் போய் மனைவி தைத்த துணிப்பைகளை எடுத்து நீட்டியது.

அந்தப் பெண் முகம் மலர்ந்து, சொந்தப் பை கொண்டு வருவது ரொம்ப நல்ல பழக்கம் என்று பாராட்டினாள். இருநூறு பிளாஸ்டிக் தட்டைத் துணிப்பையில் வாங்கிப்போன சுற்றுச்சூழல் காவலன் இந்தத் தீவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காரின் பின்பெட்டியில், மாற்றுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்து, மேலே நான் கட்டிக் கிழிந்த பழைய கைலிச் சாரத்தைப் போர்த்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பானை பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று முந்நூறு பேரும் கத்தியதில் மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் விருந்துக்கு இறங்கி வந்துவிட்டார்கள். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வடை, சாம்பார், சட்னி, கூடவே மீஹூன் என்கிற அரிசிச் சேமியாப் பிரட்டல். தட்டுகள் வெயிலில் பளபளத்தன. பரிமாறும் மேசைக்குப் பக்கத்திலேயே தள்ளுவண்டியோடு தே தாரிக் அண்ணன் நின்றார். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தமிழ் முஸ்லிம். பக்கத்துத் தெருவில் தேநீர்க் கடை. வருடா வருடம் எங்கள் பொங்கலுக்கு இலவசமாகத் தேநீர் ஆற்றிக் கொடுப்பார். கடைக் கண்ணாடித் தம்ளர்களையே கூடையோடு கொண்டு வந்திருந்தார்.

முதல் அரை மணி நேரம் எல்லாம் படத்தில் இருந்தபடி நடந்தது. அப்புறம் மேசையில் தட்டு குறைந்தது. நாற்பது. முப்பது. இருபது. வரிசையில் இன்னும் ஐம்பது அறுபது பேர். நான் கழுவும் தொட்டிகளைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக, அலையே இல்லாமல் கிடந்தது. ஒரு தட்டுகூட அங்கே போகவில்லை.

தட்டெல்லாம் எங்கே என்று திரும்பிப் பார்த்தால், சாப்பிட்டு முடித்தவர்களின் மடியில் இருந்தது. நாற்காலிக்கு அடியில் இருந்தது. எல்லோரும் கையைக் கழுவாமல் விரலை மடக்கி வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் புரிந்தது. பிளாஸ்டிக் தட்டு என்றால் எழுந்து போய்க் குப்பைத் தொட்டியில் வீசுவோம். வாழையிலை என்றால் மடித்துவிட்டு எழுந்துவிடுவோம், வீட்டுக்காரர் எடுப்பார். சில்வர் தட்டு என்றால், நம் வீட்டில் யாராவது வந்து கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். வந்தவர்கள் நல்ல விருந்தாளிகளாக அந்த யாராவதுக்காகக் காத்திருந்தார்கள். விருந்தாளியிடம் போய் "தட்டைக் கழுவுங்கள்" என்று எந்தத் தமிழன் சொல்வான்? தலைவரிடம் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"விருந்துக்குக் கூப்புட்டுட்டு எச்சித் தட்டக் கழுவச் சொல்லவா? என் நாக்கு வராதுப்பா," என்றார். சொல்லிவிட்டு வரிசையைப் பார்த்தார். அப்புறம் என் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. எனக்கு அது போதும். காருக்கு ஓடினேன்.

பதினான்கு இடத்தில் அம்புக்குறி நிற்கும் என்று கண்டுபிடித்தவன், இந்தப் பதினைந்தாவது இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஆத்திரம் வேறு. சாரத்தை இழுத்துப்போட்டு, ஒரு கட்டு இருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தேன். வரிசையின் முதல் ஆளுக்குத் தட்டு இல்லை என்று ஆவதற்குள் மேசைக்கு அடியில் நுழைத்துவிட வேண்டும். அவள் பந்தயத்தில் தோற்பாள். ஆனால் யாரும் பசியோடு நிற்க மாட்டார்கள். இதுதான் என் திட்டம். கேட்க எவ்வளவு கருணையாக இருக்கிறது பாருங்கள்.

கூடத்துக்குள் நுழைந்தபோது அவள் தே தாரிக் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் பதற்றமே இல்லை.

"அண்ணே, டீ வண்டியக் கொழாக்கிட்ட தள்ளிருங்களேன்."

"அங்க வெயிலும்மா. நான் டீ ஆத்துறதா, நான் ஆறுறதா?"

"கொடை புடிக்க ஆள் தர்றேன்."

"யாரு?"

அவள் திரும்பினாள். நான் பையோடு நின்றேன்.

"இவருதான்."

வண்டி உருண்டது. என் இடது கையில் பை, வலது கையில் கடற்கரையில் விரிக்கிற அளவுக்குப் பெரிய குடை. கீழே வைக்கலாம் என்றால் தரையெல்லாம் தண்ணீர். வண்டியில் வைக்கலாம் என்றால் அண்ணன் எட்டிப் பார்ப்பார். அப்படியே நின்றேன். அவள் ஒலிபெருக்கியை வாங்கி ஒரே ஒரு அறிவிப்புச் செய்தாள். தட்டு என்ற வார்த்தையே அதில் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். இஞ்சி போட்ட தே தாரிக் ரெடி. கொழாப் பக்கம் வந்தா சுடச் சுடக் கெடைக்கும்."

சாப்பிட்ட வாய்க்குத் தேநீர் கேட்காத மனிதன் பினாங்கில் பிறக்கவில்லை. முதலில் எழுந்தது ஐந்தாம் மாடிச் சீன ஆன்ட்டி. மடியில் இருந்த தட்டோடு வந்தார். தம்ளர் வாங்கக் கை வேண்டுமே, தட்டை என்ன செய்வது என்று பார்த்தார். எதிரே மூன்று தொட்டி. யாரும் சொல்லாமல் தட்டினார், தேய்த்தார், அலசினார், கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த எங்கள் அண்ணிமார்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விருந்தாளியே கழுவுகிறார், நாம் கையை மடக்கிக்கொண்டு நிற்பதா? ஒருவர் சேலையை இடுப்பில் செருகினார். அடுத்தவர் தேங்காய் நாரை எடுத்தார். கால் மணி நேரத்தில் தொட்டியோரம் இடம் பிடிக்கச் சண்டை. தலைவரின் மனைவி நான்கு பேர் தட்டைப் பிடுங்கிக் கழுவினார். தலைவரே கால்சட்டையை மடித்துவிட்டு அலசல் தொட்டியோரம் நின்றார். துறைமுகத்தில் சரக்கு இறக்கிய கை, தட்டுகளைப் பத்துப் பத்தாக மேசைக்கு அனுப்பியது. வரிசை நகர்ந்தது. ஒரு ஆள்கூடத் தட்டில்லாமல் நிற்கவில்லை.

நான் மட்டும் நின்றேன், குடையோடு. ஒரு மணி நேரம்.

"பையில என்னண்ணே, தங்கமா?" என்றார் தே தாரிக் அண்ணன், தேநீரைக் கை நீளத்துக்கு இழுத்து ஆற்றிக்கொண்டே. "கைய விட்டு எறக்கவே மாட்டேங்கிறீங்க."

"துணிண்ணே."

"கலகலன்னு சத்தம் போடுற துணியா?"

"கஞ்சி போட்ட துணி."

அவர் சிரித்தார், அதற்கு மேல் கேட்கவில்லை. தேநீர் ஆற்றுகிறவர்களுக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

பானை காலியானபோது தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டினார். மறு கையில் ஒரு சின்னக் குப்பைப் பை. காகிதமும் வடையில் கிடந்த மிளகாய்க் காம்பும்தான் அதில் இருந்தன. சோற்று மிச்சத்தை ஏற்கெனவே உரத்துக்கென்று தனி வாளியில் எடுத்து வைத்திருந்தாள் என் மனைவி.

"இவ்வளவுதான் இன்னிக்குக் குப்ப," என்று தூக்கிக் காட்டினார். "நாலு வருஷமா இந்தத் தங்கச்சி சொல்லிச்சு. நாந்தான் கேக்கல. இனிமே தட்டு விஷயத்துல அது சொல்றதுதான்."

கைதட்டல் எழுந்தது. இந்த முறை தட்ட எனக்கு ஆசை. இரண்டு கையும் சிக்கியிருந்தன. முந்நூறு பேருக்கு நடுவில் அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். வரிசை ஓடிவிட்டால் லைன் லீடர்கள் இப்படித்தான் நிற்பார்கள். தங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாததுபோல. குடையை அவள் நின்ற பக்கம் சாய்த்தேன். வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

அவள் நேராக என்னிடம் வந்தாள், தேநீர்த் தம்ளரோடு. "பாவம், கை வலிக்கும். இந்தாங்க," என்று தம்ளரை நீட்டி, நான் வாங்க வசதியாகப் பையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். எல்லாம் ஒரே நொடியில் நடந்தது. பை கலகலத்தது. வாயை விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தேநீர் சூடாக இருந்தது நல்லதாகப் போயிற்று, ஊதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"மிச்சம் எங்க?" என்றாள் மெதுவாக. ஒரு கட்டோடு நிற்கிற பயம் இல்லை என்னுடையது என்று அவளுக்குத் தெரியும்.

"காடி பூட்ல, சாரத்துக்கு அடியில."

"எத்தன?"

"மொத்தம் எரநூறு."

அதற்குள் தலைவர் வந்துவிட்டார். "என்ன தங்கச்சி அது, பையில?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முந்நூறு பேர் முன்னால் என் மானம் அந்தத் துணிப்பையில் இருந்தது.

"பூந்தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டுண்ணே," என்றாள். "தண்ணி ஊத்தினா நடபாதையெல்லாம் ஒழுகுதுன்னு எல்லாரும் சொன்னாங்கல்ல. மாடிக்குக் கொஞ்சம் குடுக்கலாம்னு இவரு வாங்கிட்டு வந்தாரு."

"பரவால்லியே, புருஷனும் பொறுப்பாத்தான் இருக்காரு," என்றார் தலைவர், என் தோளைத் தட்டி. தே தாரிக் அண்ணன் வண்டிக்கு அடியில் எதையோ தேடப் போனார். நெடுநேரம் தேடினார்.

சாயங்காலம் தட்டுப் பிரிக்க உட்கார்ந்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. தேங்காய் நாருக்கு முன்னால் என் நகப்பூச்சுப் புள்ளிகள் நிற்கவில்லை. எல்லாத் தட்டும் அம்மை ஆறிய முகமாக இருந்தது. நான் தலையில் கை வைத்தேன். வீட்டுப் பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். "இது என்னுது, விளிம்புல நெளிவு பாரு." "இது உன்னோடது, நீதான் அடுப்புல வச்சுக் கறுக்க வச்ச." அரை மணி நேரத்தில் பிரித்துவிட்டார்கள். நான்காம் மாடி அக்காவின் தட்டில் மட்டும் ஒன்று குறைந்தது. அக்கா பாய் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஐந்தாம் மாடி ஆன்ட்டி கதவைத் தட்டினார். மீதி வடையை அந்தத் தட்டில் கொண்டுபோயிருக்கிறார். திருப்பித் தரும்போது தட்டு காலியாக இல்லை. சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய ஆரஞ்சுப் பழம் ஆறு இருந்தது. நான்காம் மாடி அக்கா பழத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் பதினைந்து தட்டாகத் தருவதாகச் சொன்னார்.

இருநூறு பிளாஸ்டிக் தட்டுக்கும் அவள் சொன்னதுதான் நடந்தது. எறிய விடவில்லை. "வாங்கினது வாங்கியாச்சு. ஒடையிற வரைக்கும் ஒழைக்கணும்," என்றாள். நான் நடைபாதை நடைபாதையாகப் போய் ஒவ்வொரு பூந்தொட்டிக்கு அடியிலும் ஒன்று வைத்துவிட்டு வந்தேன். எங்கள் அடுக்குமாடிக்கு நீங்கள் வந்தால் பார்க்கலாம்; கறிவேப்பிலை, துளசி, பண்டான், சீனர் வீட்டு எலுமிச்சை, எல்லாவற்றுக்கும் கீழே வெள்ளையாக ஒரு வட்டம். என் பயத்தை இத்தனை மாடியில் வரிசையாக வைத்து யாரும் தண்ணீர் ஊற்றி வளர்த்ததில்லை. தொட்டிக்குப் போனது போக மிஞ்சிய தட்டில்தான் எனக்குக் காலைப் பசியாறல். சாப்பிட்டதும் நானே கழுவி வைக்க வேண்டும். மூன்று வருடத்தில் இரண்டுதான் விரிசல் விட்டது. தரமான சாமான். அதுவும் என் தலையெழுத்து.

இப்போது பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் அவளைக் கூப்பிட்டு, தங்கள் தீபாவளி விருந்துக்கு எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். அவள் தாளில் அம்புக்குறி போட்டுக் கொடுக்கிறாள். தேநீர் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு வட்டம் இருக்கும். பக்கத்தில் குச்சி மனிதன் ஒருவன் குடையோடு நிற்பான். அவன் யார் என்று அவர்கள் கேட்டதில்லை.

பொங்கல் காலையில் கரும்பு வாங்கிவர நான் காரை எடுக்குமுன் அவள் பின்பெட்டியைத் திறக்கச் சொல்வாள். வருடா வருடம் இது நடக்கிறது. சாரத்தைத் தூக்கிப் பார்ப்பாள், மாற்றுச் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பாள். போன இரண்டு வருடமும் ஒன்றும் சிக்கவில்லை. இந்த வருடம் சாரத்துக்கு அடியில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. இழுத்தாள். புதுச் சில்வர் தட்டு, இரண்டு டஜன், காகிதம்கூடப் பிரிக்காமல்.

"என்னங்க இது?"

"இல்ல, ஒருவேள ஆள் கூடிருச்சுன்னா... தட்டு பத்தலைன்னா..."

அவள் ஒரு தட்டை எடுத்துத் திருப்பினாள். அடியில் அவள் பெயரை வெட்டச் சொல்லியிருந்தேன். விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பழையபடி மடித்து, சாரத்தை மேலே இழுத்துப் போர்த்திவிட்டு, பின்பெட்டியைச் சாத்தினாள்.

"சரி, காடிய எடுங்க. கொடைய மறந்துராதீங்க."